பையை விட்டு வராத இடது கை

புங்கனேரியில் ஆவணி மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை விடிந்தபோது நாற்பத்தொரு ஆண்கள் ஒரே உடம்போடு கண் விழித்தார்கள். தலைகள் அவரவருடையவைதாம், அதில் எவருக்கும் குறையில்லை. வழுக்கை விழுந்தவருக்கு வழுக்கை இருந்தது, மீசை வளர்த்தவருக்கு மீசை இருந்தது, கன்னத்தில் வெற்றிலையை அடக்கிக்கொண்டே உறங்கிப்போன மாட்டுத் தரகர் சொள்ளமுத்துவுக்கு அந்த வெற்றிலையும் இருந்தது. ஆனால் கழுத்துக்குக் கீழே நாற்பத்தொரு பேருக்கும் ஒரே கருநீலக் கோட்டு, ஒரே சிவப்பு டை, ஒரே கறுப்பு பூட்ஸ், கோட்டின் நடுப்பொத்தானைத் தொட்டபடி ஒரே வலது கை, கால்சட்டைப் பைக்குள் செருகியபடி ஒரே இடது கை. தலை மட்டும் எல்லாருக்கும் இடப்பக்கம் ஒரு நூல் சாய்ந்திருந்தது.

முதல் நாள் மழை பெய்தது என்பது உண்மை. அந்த மழையில் ஊரிலிருந்த பிளக்ஸ் பேனர்கள் எல்லாம் நனைந்தன என்பதும் உண்மை. அதற்கும் இந்த உடம்புக்கும் என்ன தொடர்பு என்று வெளியூர்க்காரர்கள் பிற்பாடு கேட்டார்கள், புங்கனேரிக்காரர்கள் கேட்கவில்லை. பூட்ஸோடு பாயில் படுக்கலாமா, கழற்ற வராத கோட்டோடு குளித்தால் எதைத் துவட்டுவது என்பன போன்ற, உடனே விடை தெரிந்தாக வேண்டிய கேள்விகள் அன்று காலை அவர்களுக்கு நிறைய இருந்தன.

அந்த உடம்பை ஊரில் எல்லாரையும்விட நன்றாக அறிந்தவள் ஆவுடைச்செல்வி. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஊரின் ஒரே பிளக்ஸ் கடையை நடத்துபவள் அவள். பன்னிரண்டு வருடங்களாக அந்த உடம்பின்மேல் தலைகளை ஒட்டிவந்தவளும் அவளே. யாரோ ஒரு வெளிநாட்டுத் தையற்கடைக்காரர் விளம்பரத்திலிருந்து தலையை நீக்கி எடுத்த படம் அது. அவளுடைய கணினியில் அதற்கு ‘உடம்பு ஏழு’ என்று பெயர். ஆகவே அன்று காலை பக்கத்தில் படுத்திருந்த கணவன் மாசானமுத்துவைப் பார்த்ததும் அவள் அலறவில்லை. தன் வேலையைத் தானே சரிபார்க்கிறவளாக அவனை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை நோக்கினாள். தலைமுடியைச் சுற்றி வெட்டும்போது விட்டுப்போன வெள்ளை ஓரம் அப்படியே இருப்பதைக் கண்டு நாணினாள்.

“ஏட்டி, என் கையை எங்க வச்ச?” என்றான் மாசானமுத்து.

“பைக்குள்ள இருக்குங்க.”

“எடுக்க வரலியே.”

“படத்துல கிடையாதுல்லா. பைக்கு வெளிய இருக்கதைத்தான் படம் பிடிச்சிருக்கான். உள்ள என்ன வச்சிருந்தானோ, எனக்கெப்படித் தெரியும்?”

மாசானமுத்து வலது கையால் இடது கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். மணிக்கட்டு வரையில் வந்தது. அதற்குமேல் வருவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. “அது கிடக்கட்டும், தோள்ல யாரு?” என்று கேட்டான். அவனுடைய வலது தோளில் நான்கு விரல்கள் தனியே அமர்ந்திருந்தன. ஆவுடைச்செல்வி குனிந்து பார்த்து, மோதிர விரலில் இருந்த பச்சைக்கல்லைக் கொண்டு அவை தன் அண்ணனுடைய விரல்கள் என்று கண்டுகொண்டாள்.

அந்த விரல்கள் வந்த விதத்தைச் சொல்லவேண்டும். மாசானமுத்துவின் தங்கை மகளுக்குச் சென்ற சித்திரையில் காது குத்தினார்கள். புங்கனேரியில் காதுகுத்து, கல்யாணம், புதுமனை புகுதல், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, துபாயிலிருந்து திரும்புதல் ஆகிய ஐந்துக்கும் பேனர் வைக்காதவர்களை மனிதராக மதிப்பதில்லை. காதுகுத்துப் பேனரில் தாய்மாமன் படம் குழந்தையின் படத்தைவிட நான்கு மடங்கு பெரிதாக இருப்பது மரபு. மாசானமுத்துவுக்கோ தனியாக எடுத்த படம் ஒன்றும் இல்லை. ஆவுடைச்செல்வி தன் அண்ணன் கல்யாணத்துக் கூட்டப் படத்திலிருந்து அவனுடைய தலையை வெட்டியெடுத்தபோது, தோளில் கைபோட்டிருந்த மாப்பிள்ளையின் நான்கு விரல்களும் கூடவே வந்துவிட்டன. மைத்துனன் விரல்தானே, உறவுக்குள் இருக்கட்டும் என்று அவள் அழிக்காமல் விட்டாள். இப்போது அவை வெதுவெதுப்பாக அவன் தோளில் இருந்தன. அவன் மனைவியிடம் குரலை உயர்த்தும்போதெல்லாம் மெல்ல அழுத்தின.

ஊர் இந்த விஷயத்தை ஒரு வாரத்துக்குள் விழுங்கிச் செரித்துவிட்டது. பூட்ஸைக் கழற்ற முடியாதவர்களைக் கோயிலுக்குள் விடலாமா என்ற கேள்வி எழுந்தபோது, அர்ச்சகர் கண்ணை மூடி ஒரு கணம் யோசித்துவிட்டு, “கோபூஜைக்கு வர்ற பசு குளம்பைக் கழட்டி வாசல்லயா வச்சுட்டு வருது?” என்று கேட்டார்; அத்தோடு அது தீர்ந்தது. நியாயவிலைக் கடையின் கைரேகை இயந்திரம் நாற்பத்தொரு பேரின் விரலையும் ஒரே விரலாகக் கண்டு, பட்டியலில் முதலாவதாக இருந்த சொள்ளமுத்துவின் பெயரிலேயே எல்லாருக்கும் பருப்பு போட்டது. சொள்ளமுத்து இந்த மாதம் நாற்பத்தொரு முறை வந்துபோனார் என்று கடைக்காரர் மேலிடத்துக்கு எழுத, அவர் திடகாத்திரமானவர் போலும் என்று பதில் வந்தது. கல்யாணத் தரகர்கள் மகிழ்ந்தார்கள். சந்தைக்குப் போன பெண்கள் பின்னாலிருந்து பார்த்து வேறு யாரோ ஒருவரைத் தம் கணவர் என்று எண்ணிக் காய்கறிப் பையைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். பை எப்படியும் ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது, அங்கே எப்படியும் குழம்பு வைத்தார்கள்.

கவுன்சிலர் தங்கப்பழத்தின் நிலை மட்டும் சற்றுச் சிக்கலானது. நாற்பத்தொருவரில் அவர் சேரமாட்டார். அவருக்குத் தெருவுக்கொரு பேனர், பேனருக்கொரு கோலம். ஆகவே வடக்குத் தெருவில் கைகூப்பிய வெள்ளை வேட்டியாகப் புறப்படுபவர், பள்ளிக்கூட முனை திரும்பும்போது பட்டம் பெற்ற கறுப்பு அங்கியாகி, தண்ணீர்த் தொட்டியருகே காதில் செல்போன் முளைத்து, மீன் சந்தைக்குள் நுழையும்போது ஒரு சிங்கத்தின் பிடரியைத் தடவியபடி அதோடு நுழைவார். அந்தச் சிங்கம் சிறிய படத்திலிருந்து பெரிதாக்கப்பட்டது; தூரத்திலிருந்து பார்த்தால் சிங்கமாகவும், கிட்டப் போனால் கட்டம் கட்டமாகவும் தெரியும். அவர் சந்தையைக் கடந்து போனபின் அது அங்கேயே தங்கிவிடும். மீன்காரிகள் அதற்குச் சாளை மீன் போட்டார்கள். தின்னும்போது அது இன்னும் மங்கலாயிற்று.

இந்த ஏற்பாட்டில் நிறைவில்லாதவள் ஊரிலேயே ஆவுடைச்செல்வி ஒருத்திதான். அவள் கணவன் நெய்னார் பாய் கடையில் புரோட்டா மாஸ்டராக இருந்தவன். இருபது வருடங்களாக மாலை ஐந்து மணிக்கு அவன் கல்லிலிருந்து எடுத்த புரோட்டாக்களை அடுக்கி, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்துப் படாரென்று அடித்து இதழ் பிரிப்பான். அந்தச் சத்தம் கேட்டுத்தான் பிளக்ஸ் கடையில் அவள் இயந்திரத்தை அணைப்பாள், எதிர்ச்சாரியில் பூக்காரி தண்ணீர் தெளிப்பாள், பேருந்து நிலையத்துப் பெஞ்சில் உறங்குபவர்கள் எழுந்து பசியை உணர்வார்கள். இடது கை இல்லாதவன் எதைக்கொண்டு அடிப்பான்? நெய்னார் பாய் நல்ல மனிதர். மாசானமுத்துவை வெளியே அனுப்பாமல் வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். பக்கத்து ஊரிலிருந்து வேறொரு மாஸ்டர் வந்தார். அவருடைய புரோட்டாவைத் தின்றவர்கள் மாடு ஏன் அசைபோடுகிறது என்பதை அன்றுதான் அறிந்தார்கள்.

“வேண்டாம்ட்டி, விடு,” என்றான் மாசானமுத்து, அவள் மாற்றிவிடட்டுமா என்று முதல்முறை கேட்டபோது. “இருவது வருசம் ‘யோவ் புரோட்டா’ன்னு கூப்பிட்டானுவ. இப்போ என்ன சொல்லுதான் தெரியுமா? ‘சார், உள்ள இடம் இருக்கா சார்?’ங்கான். ஒரு ஆளு என்கிட்ட வீட்டுக் கடன் பத்தி யோசனை கேட்டுட்டுப் போறான்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“பொத்தானைத் தொட்டுக்கிட்டே சும்மா நின்னேன். ரொம்ப நன்றி சார்ன்னு சொல்லிட்டுப் போயிட்டான்.”

“சாயங்காலம் அஞ்சு மணி ஆனதே தெரியலைங்க எனக்கு. நேத்து ஏழு வரைக்கும் மெஷினை ஓட்டிட்டிருந்தேன்.”

“கடிகாரம் வாங்கித் தாரேன்,” என்றான் அவன். குரல் சற்று உயர்ந்துவிட்டது போலும். தோளில் விரல்கள் அழுத்தின. “வாங்கித் தாரேம்மா,” என்று திருத்திக்கொண்டான்.

புரட்டாசியில் நவராத்திரி வந்தது. ஒவ்வொரு வருடமும் போல அந்த வருடமும் கோயில் மண்டபத்தில் பட்டிமன்றம் நடந்தது. தலைப்பை மட்டும் காலத்துக்கேற்ப வைத்தார்கள்: ‘மனிதரை வார்ப்பது பேனரா, பேனரை வார்ப்பது மனிதரா?’ ஓய்வுபெற்ற தலைமையாசிரியை எஸ்தர் ராஜகனி நடுவர். ஆறு பேச்சாளர்களில் ஐவர் கோட்டு அணிந்தவர்கள் என்பதால், ஓர் அணியில் பேசியவர் அடுத்த முறை எதிரணியிலும் எழுந்து பேசியதை எஸ்தர் டீச்சர் இருமுறை கண்டித்தார்.

பேனரே மனிதரை வார்க்கிறது என்ற அணிக்குச் சொள்ளமுத்து முதற்சான்று. “பன்னெண்டு வருசம் முன்னால இந்தக் கோட்டை முதமுதல்ல போட்டவன் நான்,” என்றார் அவர். “எம் மவன் கல்யாணத்துக்கு. எதுக்குப் போட்டேன்? சம்பந்தி வீட்டுக்காரவ கொஞ்சம் பயப்படட்டுமேன்னு போட்டேன். பயந்தாவளா? பயந்தாவ. மறு மாசம் அவ்வோளும் அதே கோட்டைப் போட்டு ஒரு பேனர் வச்சாவ. அதைப் பாத்து நான் பயந்துட்டேன். அப்போ பேனர்தான ஆளை மாத்துது?”

“அப்படிச் சொல்லாதிய அண்ணாச்சி,” என்று எழுந்தார் எதிரணியிலிருந்த தையற்காரர். “அந்தப் புள்ள கடைக்குப் போயி, ‘அவருக்குப் போட்ட மாதிரியே எனக்கும் போடு, ஆனா அவரைவிட ஒரு பொடி சிவப்பா போடு’ன்னு கேட்டது யாரு? பேனரா நடந்து போயிக் கேட்டுச்சு?”

எல்லாரும் திரும்பி ஆவுடைச்செல்வியைப் பார்த்தார்கள். “கேட்டதைத்தான் போட்டேன்,” என்றாள் அவள்.

“பாத்ததைத்தான் கேட்டோம்,” என்றார்கள் நாற்பத்தொரு பேரும்.

எஸ்தர் டீச்சர் மணியை அடித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நடுவர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் தீர்ப்பையே அவரும் சொன்னார்: மனிதரும் பேனரை வார்க்கிறார், பேனரும் மனிதரை வார்க்கிறது, இரண்டு கை தட்டினால்தான் ஓசை. சொல்லிவிட்டுக் கைதட்டலுக்காக நின்றார்.

கைதட்டல் வரவில்லை. மண்டபத்தின் ஆண்கள் பக்கம் நாற்பத்தொரு வலது கைகள் நாற்பத்தொரு நடுப்பொத்தான்களைத் தொட்டுக்கொண்டிருந்தன. தட்டுவதற்கு எதிர்க்கை இல்லை. லுங்கிக்காரர்கள், கோட்டுக்காரர்கள் தொடங்கட்டும், பிறகு தட்டலாம் என்று காத்திருந்தார்கள். டீச்சர் இன்னும் சற்று நேரம் நின்றார். பெண்கள் பக்கத்திலிருந்து பூக்காரி, அந்த மௌனத்தைப் பொறுக்கமாட்டாமல், தன் இரண்டு கைகளையும் ஒருமுறை படாரென்று தட்டினாள்.

வாசலில் நின்றிருந்த மாசானமுத்து அந்தச் சத்தத்தைக் கேட்டுத் திடுக்கிட்டுத் திரும்பினான். பையிலிருந்த கையை இழுத்தான். வராததைக் கண்டு, சுற்றும் முற்றும் பார்த்து, மறுபடியும் இழுத்தான். ஆவுடைச்செல்வி அதைப் பார்த்துவிட்டாள். பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போதுதான் கவுன்சிலர் தங்கப்பழம் மேடையேறினார். மண்டபத்தின் முகப்பில் அவருக்கு மாலையணிந்த பேனர் என்பதால், ஏறும்போதே கழுத்தில் மாலை விழுந்தது. “ஊர்ல நாப்பத்தொரு பேரு முன்னேறிட்டாவ,” என்றார். “மீதி முந்நூத்திப் பன்னெண்டு ஆம்பளைங்க இன்னும் லுங்கியில அலையுதாவ. பாக்கப் பொறுக்கலை எனக்கு. தீவாளிக்குள்ள பஸ் ஸ்டாண்டுல அறுவது அடிக்கு ஒரே பேனர். எல்லாருக்கும் கோட்டு, எல்லாருக்கும் பூட்சு. அமைச்சர் வாராரு, பாக்கட்டும். ஆவுடை, உன் பொறுப்பு தாயி.”

ஆண்கள் ஆரவாரித்தார்கள்; தட்ட முடியாதவர்கள் பூட்ஸால் தரையை உதைத்தார்கள். ஆவுடைச்செல்வி எழுந்து வீட்டுக்கு வந்தாள். அறுபது அடிப் பேனரில் ஏழாம் உடம்பை மறுபடி அச்சிட்டுத் தூக்கிவிட்டால், பிறகு ஊரில் இரண்டு கை உள்ள ஓர் ஆணும் மிஞ்சமாட்டான். தன் கணவனும் அப்படியே நிலைத்துவிடுவான் என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு அவள் நெய்னார் பாய் கடைப் பக்கம் போனாள். புது மாஸ்டர் சாப்பிடப் போயிருந்தார். கடையின் பின்கட்டில், மாவுப் பலகையின் முன்னால், கோட்டும் டையுமாக மாசானமுத்து நின்றிருந்தான். வலது கையால் ஓர் உருண்டையை எடுத்துப் பலகையில் வைத்து அழுத்தினான், விரித்தான், தூக்கி வீசப் பார்த்தான். மாவு ஒருபக்கமாகத் தொங்கிக் கோட்டின்மேல் ஒட்டிக்கொண்டது. அவன் திரும்பவும் உருட்டினான். அண்ணனின் நான்கு விரல்களும் தம்மால் இயன்ற உதவியாக மாவின் ஓரத்தைப் பிடிக்க முயன்றன, எட்டவில்லை.

“மாவுக்கு என்னை அடையாளம் தெரியலைட்டி,” என்றான் அவன், அவள் வந்ததைத் திரும்பிப் பாராமலே அறிந்து.

“சார்ன்னு கூப்பிடுதாவல்லா?”

“கூப்பிடுதாவ. கூப்பிட்டுட்டு, புரோட்டா நல்லா இல்லைன்னு எங்கிட்டயே சொல்லுதாவ.” அவன் மாவைக் கோட்டிலிருந்து உரித்து எடுத்தான். “என் கையை எனக்குத் தந்துரு ஆவுடை.”

அவள் அன்றே கணினியைத் திறந்து உட்கார்ந்தாள். கை இல்லை. வீட்டிலிருந்த அத்தனை படங்களையும் புரட்டினாள்: கல்யாணப் படத்தில் மாலை கைகளை மறைத்திருந்தது, குழந்தையின் முதலாண்டுப் படத்தில் குழந்தை மறைத்திருந்தது, அடையாள அட்டைகளில் கழுத்தோடு உலகம் முடிந்துவிட்டது. சரி, வரைந்துவிடலாம் என்று கண்ணை மூடினாள். ஏழாம் உடம்பின் நடுப்பொத்தானில் எத்தனை துளை என்று கேட்டால் அவள் உடனே சொல்லுவாள். நான்கு, அவற்றில் ஒன்றில் நூல் பிரிந்திருக்கும். இருபது வருடம் தன் தட்டில் சோறு பரிமாறிய கைகளின் நகம் சதுரமா வட்டமா என்று அவளுக்கு நினைவுவரவில்லை. அவள் வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டதை வெளியே காட்டாமல், விசாரித்து எழுதிக்கொள்வதற்கு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள்.

அவள் பழைய உடம்பைத் திருப்பி வரைகிறாள் என்ற விஷயம் பெண்களிடையே பரவியது. மறுநாள் காலை பிளக்ஸ் கடை வாசலில் வரிசை நின்றது. கோட்டு வந்த வீட்டுப் பெண்களோடு, வரப்போகும் வீட்டுப் பெண்களும் நின்றார்கள்.

“மைனி, எங்க வீட்டுக்காரவுளுக்குத் தொப்பை உண்டு,” என்றாள் சொள்ளமுத்துவின் மனைவி.

“எம்புட்டு?”

“உக்காந்தா மடியில பிள்ளையை வைக்க இடம் இருக்காது.”

“கொஞ்சம் குறைச்சுப் போடட்டுமா?”

“ஐயய்ய, வேண்டாம். அதுல சாஞ்சு டிவி பாத்துப் பழகிட்டேன். இப்போ கோட்டுல சாஞ்சா பொத்தான் குத்துது.”

ஒருத்தி கணவனுடைய முழங்காலை வெண்டைக்காயோடு ஒப்பிட்டாள். ஒருத்தி அவர் நடக்கும்போது எந்தச் செருப்பு முதலில் தேயும் என்றாள். தையற்காரரின் மனைவி எல்லாவற்றையும் சொல்லி முடித்தபின், அடுத்த வீட்டுப் பெண், “முதுகுல இடப்பக்கம் ஒரு மச்சம், அதை விட்டுட்டியே அக்கா,” என்றாள். வரிசை முழுதும் திரும்பி அவளைப் பார்த்தது. “தெருக்குழாயில குளிக்கும்போது கண்ணுல பட்டுது,” என்று அவள் சேர்த்துக்கொண்டாள். தெருக்குழாயில் தண்ணீர் நின்று மூன்று வருடம் ஆயிற்று என்பதை அந்த இடத்தில் எவரும் நினைவூட்டவில்லை. ஆவுடைச்செல்வி மச்சத்தைக் குறித்துக்கொண்டாள்.

தன் கணவனின் கைகளை அவளும் அவ்வாறே ஊரிடமிருந்து கேட்டுச் சேகரித்தாள். ஆட்காட்டி விரல் உள்பக்கம் கோணியிருக்கும் என்றார் நெய்னார் பாய். பூ வாங்கும்போது நகத்தில் எப்போதும் மைதா இருக்கும் என்றாள் பூக்காரி. உள்ளங்கை தோசைக்கல்லைப் போல் சூடாக இருக்கும் என்று அவளுக்கே நினைவு வந்தது. அதை எப்படி வரைவது என்றுதான் தெரியவில்லை. கல்லின் விளிம்பு பட்டு வெந்த தழும்பு ஒன்று, பச்சை மிளகாய் நீளத்துக்கு இருக்கும். எந்தக் கையில்?

“நீங்களே சொல்லுங்க. சூடு பட்டது எந்தக் கைல?”

மாசானமுத்து பொத்தானைத் தொட்டிருந்த கையைப் பார்த்தான். அது விளம்பரத்து வெளிநாட்டுக்காரர் கை. பையைப் பார்த்தான். “சூடு பட்டது நல்லா நெனப்பிருக்கு,” என்றான். “எந்தக் கைன்னு கையைப் பாத்தாத்தானே சொல்ல முடியும்?”

அவள் வலது கை என்று முடிவுசெய்தாள்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில், பேருந்து நிலையத்தில் அறுபது அடிப் பேனர் ஏறியது. மூடியிருந்த துணியைத் தங்கப்பழம் இழுத்தார். முந்நூற்று ஐம்பத்து மூன்று ஆண்கள் அதில் நின்றார்கள். லுங்கியிலும் பனியனிலும், தொப்பையோடும் தேமலோடும், ஒவ்வொருவரும் தம் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி. ‘கொடை வள்ளல்’, ‘கல்வித் தந்தை’, ‘தெற்கின் சிங்கம்’ என்ற பட்டங்கள் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் கீழே ‘இவர்தான்’ என்று மட்டும் எழுதியிருந்தது. ஒரு மூலையில் தங்கப்பழமும் ஒரே ஒருவராக, ஒரே ஒரு வேட்டியில் நின்றார்.

“என்னளா இது?” என்றார் தங்கப்பழம். “நான் கேட்டது என்ன, நீ போட்டிருக்கது என்ன?”

“பன்னெண்டு வருசம் கேட்டதைப் போட்டேன் அண்ணாச்சி,” என்றாள் ஆவுடைச்செல்வி. “இந்தத் தடவை இருக்கதைப் போட்டுட்டேன்.”

“அமைச்சர் பாத்தா என்ன நெனப்பாரு?”

“அவரையும் கையை நீட்டச் சொல்லுங்க. படம் எடுத்து வச்சுக்கிடுதேன்.”

அவர் பேனரை இறக்கச் சொல்லியிருப்பார். ஆனால் மழை வலுத்துவிட்டது, லுங்கிக்காரர்கள் ஒதுங்க ஓடிவிட்டார்கள், மிஞ்சி நின்ற கோட்டுக்காரர்களுக்கோ ஆளுக்கு ஒரு கைதான் இருந்தது.

விடிந்தபோது நாற்பத்தொரு வீடுகளிலும் முதுகு சொறியும் சத்தம் கேட்டது. இரண்டரை மாதமாக எட்டாதிருந்த இடங்களை இடது கைகள் தேடிச் சென்றன. சொள்ளமுத்துவின் மனைவி சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். மீன் சந்தையில் சிங்கம் ஒவ்வொரு கட்டமாகக் குறைந்து, கடைசியில் ஒரு காது மட்டும் இருந்து, அதுவும் போயிற்று. மீன்காரிகள் அன்று ஒரு நாள் கடை போடவில்லை. மாசானமுத்துவின் தோளிலிருந்த நான்கு விரல்களும் போய்விட்டன. ஆவுடைச்செல்விக்கு அதில் மட்டும் சிறு வருத்தம்.

அன்று மாலை ஐந்து மணிக்கு நெய்னார் பாய் கடையிலிருந்து படாரென்று ஒரு சத்தம் கேட்டது. அவள் இயந்திரத்தை அணைத்தாள். பூக்காரி தண்ணீர் தெளித்தாள். பெஞ்சில் உறங்கியவர்கள் எழுந்து வயிற்றைத் தடவினார்கள்.

இதனால் புங்கனேரி திருந்திவிட்டது என்று நினைப்பவர்கள் புங்கனேரியை அறியாதவர்கள். தை மாதக் கல்யாணங்களுக்கு முதலில் வந்தவர் தையற்காரர். “அந்தப் பெரிய பேனர்ல போட்ட மாதிரியே போடு தாயி,” என்றார். “ஆனா தொப்பையை மட்டும் சொள்ளமுத்துவைவிட ஒரு பிடி கூட்டிப் போடு. அந்த மனுசன் அதைச் சொல்லியே அலட்டிக்கிடுதாரு.” அவருக்குப் பின்னால் வந்தவர் தமக்கு இல்லாத ஒரு தேமலைக் கேட்டார். ஆவுடைச்செல்வி இருவரிடமும், “ரெண்டு கையையும் காட்டுங்க,” என்று கண்டிப்பாகச் சொல்லி, முதலில் கைகளைப் படம் எடுத்துக்கொண்டாள். மற்றதைப் பிறகு பேசலாம் என்றாள்.

ஒரு குறை மட்டும் மாசானமுத்துவின் மனத்தில் இருந்தது. “சூடு பட்டது இடது கையிலதாம்ட்டி,” என்றான், கைகள் திரும்பிவந்த அன்றே. இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தழும்பில்லாமல் வழுவழுவென்றிருந்த அந்தக் கை அவனுக்கு அடுத்த வீட்டுக் கையாகவே தோன்றியது. மூன்று மாதம் சொல்லிக்கொண்டிருந்தான். கடைசியில் மாசி மாதத்து ஒரு மாலை, ஐந்து மணிக்குச் சற்று முன்னதாக, ஆவுடைச்செல்வி கறுப்பு மார்க்கரை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்தில் ஏணி சாத்தி ஏறினாள். பேனரிலிருந்த தன் கணவனின் இடது கையில், பச்சை மிளகாய் நீளத்துக்கு, அளந்து ஒரு கோடு போட்டாள்.

நெய்னார் பாய் கடையிலிருந்து “ஆத்தீ!” என்று ஒரு குரல் எழுந்தது. கல்லின் விளிம்பு இடது கையில் பட்டுவிட்டது.

ஏணிக்குக் கீழே நின்ற பூக்காரி, கோடு போட்ட பிறகுதான் குரல் கேட்டது என்றாள். எதிரே சைக்கிள் கடைக்காரர், குரல் கேட்டபோது அவள் மார்க்கரின் மூடியையே திறக்கவில்லை என்றார். ஊர் இரண்டாகப் பிரிந்தது. பங்குனியில் மறுபடியும் பட்டிமன்றம் வைத்தார்கள். எஸ்தர் டீச்சர் ஆவுடைச்செல்வியையே மேடைக்கு அழைத்து, எது முதலில் என்று நேரடியாகக் கேட்டார்.

“ஏணி ஆடிக்கிட்டு இருந்துச்சு டீச்சர்,” என்றாள் அவள். “விழுந்துடாம இருக்கதுலதான் கவனமா இருந்தேன்.”

டீச்சர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, பழைய தீர்ப்பையே திரும்பவும் சொன்னார். இந்த முறை எல்லாரும் கைதட்டினார்கள். மாசானமுத்து மட்டும் இடது கையில் கட்டு இருந்ததால் தட்டவில்லை. கட்டைச் சற்று விலக்கி உள்ளே பார்த்து, அது தன் கைதான் என்று உறுதி செய்துகொண்டு, திருப்தியோடு மூடினான்.